பத்து விநாடி இருட்டு

டார்ட்டு நகர மருத்துவமனையில்
விளக்கை அணைப்பது என் வேலை.

மற்றதும் செய்வேன்:
பஞ்சுத் துணிகளை எண்ணுவேன்,
நூலுறை பிரித்து நீட்டுவேன்,
ஹெல்டுரின் மூக்குக் கண்ணாடி நழுவினால் ஏற்றிவிடுவேன்.
ஆனால் அந்தக் கேமரா வந்த பிறகு
அறையில் எல்லாரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்:
"விர்வே, இருட்டு."

இன்று மேசைமேல் எண்டெல் பிஹ்லாக்.
ஹீயுமா தீவுவரை கடல் உறைந்து
சாலையாகும் மாதங்களில்
பனிக்கட்டியைத் துளைத்துக் கனம் பார்க்கிறவர்.
மூன்று குளிர்காலமாய்ச் சாலை திறக்கவில்லை.
மயக்க மருந்துக்கு முன்
பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:
"பனிமேல் ஓட்டும்போது பெல்ட் போடக் கூடாது.
உடைந்தால் உடனே குதிக்கணும்."

வயிற்றைத் திறந்தோம்.
முறுக்கிக்கொண்ட சிறுகுடல்.
ஒரு பக்கம் கத்தரிக்காய்த் தோல் நிறம்,
ஒரு பக்கம் இளஞ்சிவப்பு,
நடுவே
எதில் சேர்ப்பதென்று தெரியாத ஒரு முழம்.

முப்பது வருடமாய் ஹெல்டுர்
அந்த முழத்தை விரலால் விசாரித்தவர்.
சுண்டுவார். நெளிகிறதா என்று காத்திருப்பார்.
ஓரத்து நாடியைத் தொட்டபடி கண்ணை மூடிக்கொள்வார்.
சந்தேகம் என்றால் வெட்டுவார்.
அதிகம் வெட்டப்பட்டவர்கள்
ராத்திரி தோறும் நரம்புக் குழாய் வழியே
சாப்பிட்டுக் கிடப்பதை
நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

"விர்வே, இருட்டு."

அணைத்தேன்.
சுவாச இயந்திரம் மட்டும் இழுத்தது, விட்டது.
நமக்குக் கொடுத்துவைக்காத நிறங்களை எல்லாம்
கேமரா ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தது.
த்ரீனு மூச்சைப் பிடித்திருந்தாள்.
அவசியமே இல்லை.
நானும் பிடித்திருந்தேன்.

திரை விழித்தது.
ஆக்சிஜன் உள்ள இடம் சிவப்பு,
பட்டினி கிடக்கும் இடம் நீலம்.
ஊர் பேர் தெரியாத ஆயிரம் குடல்களில் பயின்ற அறிவு
வெள்ளைக் கோடு ஒன்று போட்டது:
இங்கே வெட்டலாம்.
ஹெல்டுர் விரல் வைத்திருந்த இடத்திலிருந்து
நான்கு விரற்கடை தள்ளி;
அவர் கைவிட்டதில் அவ்வளவும் உயிர் என்கிறது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தினார்.
"பத்து நிமிடம்."
யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
யாருக்கோ வயிறு கூவியது,
யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் இருட்டு.
நீலம் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.
ஆனால் நீலத்துக்குள்
தனியாக ஒரு சிவப்புத் தீவு.
வெள்ளைக் கோடு எட்டிப் போய்
அதையும் அணைத்துக்கொண்டது.
தொண்ணூற்று நான்கு சதவீதம் நிச்சயம் என்று
ஓரத்தில் எழுதியும் காட்டியது.

விளக்கைப் போட்டேன்.
கண் கூசி அடங்கும் நேரத்தில் பட்டது:
அந்த இடத்தில்
வேறெங்கிருந்தோ கசிந்த ரத்தம்,
குங்குமப் பொட்டளவு,
மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.

"துடைச்சுட்டுப் பார்க்கலாம்" என்றேன்.
விளக்கு போடுகிறவள் பேசினால்
அறை ஒரு கணம் திரும்பிப் பார்க்கும்.
த்ரீனு ஈரத் துணியால் ஒற்றியெடுத்தாள்.

மூன்றாம் இருட்டில்
தீவு இல்லை.
கோடு பழைய இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது,
தயக்கமும் இல்லை, வெட்கமும் இல்லை,
மறுபடி ஏதோ ஒரு சதவீதம்.

"மேலே பூசியதும் அதற்கு ரத்தம்தான்" என்றார் ஹெல்டுர்.
கோபமில்லை.
கத்தரியை வாங்கிக்கொண்டே
"எனக்கு அந்த நான்கு விரற்கடை பிணம்.
எழுதிவை" என்றார்.
எந்தத் தாளில் எழுதுவது என்று
நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் எண்டெல்
பீட்ரூட் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.
"எவ்வளவு மிச்சம்?"
"இரண்டு மீட்டர் எழுபது."
கரண்டியை வைத்துவிட்டு
தொழில்காரரின் முகத்தோடு யோசித்தார்.
"லாரி தாங்குமா?"
"இப்போதைக்கு
ஆள் நடந்து போகலாம்."

வெளியே வந்தேன்.
மாலை நான்கு மணி, ஜனவரி.
யாரும் சொல்லாமலே
இருட்டியிருந்தது.